காசியில் நின்ற ஹரிக்கேன்

காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் ஒரு போர் விமானம் வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு நின்றுகொண்டிருந்தது. 1947ல் பிரிட்டிஷ் விமானப்படை அதைத் தன் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, மாணவர்கள் பிரித்துப் பார்த்துப் படிக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் காலத்தில் இது வழக்கம்தான். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் அப்படி இரண்டு பழைய விமானங்கள் நின்றன. மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததை அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார்.

காசியில் நின்ற விமானத்தை 1982ல் பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயர் பார்த்தார். பழைய ரோல்ஸ்-ராய்ஸ் கார்களைத் தேடி இந்தியாவுக்கு வந்தவர் அவர். விமானம் ஹாக்கர் ஹரிக்கேன். கேட்டுப் பேசி, அனுமதிகள் வாங்கி, கப்பலில் ஏற்ற 2001 ஆகிவிட்டது. 2004 டிசம்பர் 23 அன்று அது இங்கிலாந்தில் மறுபடி பறந்தது.

துணியும் மரமும் இற்றுப்போன ஒரு கூட்டுக்காக ஒரு மனிதர் இத்தனை ஆண்டு ஏன் அலைய வேண்டும்? அதற்கான பதில் ஆர்4118 என்ற அதன் எண்ணில் இருக்கிறது.

பிரிட்டிஷ் விமானப்படை ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் இடமாற்ற அட்டை வைத்திருந்தது. படிவம் 78 என்று பெயர். எந்தத் தேதியில் எந்தப் படைப்பிரிவுக்குப் போனது, எப்போது அடிபட்டது, எங்கே பழுதுபார்த்தார்கள், எப்போது கணக்கிலிருந்து நீக்கினார்கள் என்பதெல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். இன்னொன்று படிவம் 541, படைப்பிரிவின் அன்றாடப் பதிவேடு. எந்த விமானி, எந்த எண்ணுள்ள விமானத்தில், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கினார் என்று வரிசையாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். லண்டனை ஒட்டிய கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்த அன்றாடப் பதிவேடுகளை இன்றும் பார்க்கலாம்.

ஆர்4118ஐ அந்தத் தாள்களில் தேடினால் ஒரு வாழ்க்கைக் குறிப்பே கிடைக்கிறது. குளோஸ்டர் கம்பெனி கட்டியது. 1940 ஆகஸ்ட் 17 அன்று ஸ்காட்லாந்தின் ட்ரெம் தளத்தில் 605ஆம் படைப்பிரிவில் சேர்ந்தது. செப்டம்பரில் அந்தப் படைப்பிரிவு லண்டனைக் காக்கக் குரோய்டனுக்கு வந்தது. அக்டோபர் 22ல் சண்டையில் அடிபடும்வரை இந்த விமானம் 49 முறை போருக்குக் கிளம்பியிருக்கிறது. ஐந்து ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதில் இதற்குப் பங்குண்டு. பழுதுபார்த்த பிறகு பயிற்சிப் பள்ளிகளில் உழைத்துவிட்டு, 1943 டிசம்பரில் இந்தியாவுக்குக் கப்பலேறியது. மொத்தம் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹரிக்கேன்களைக் கட்டினார்கள். 1940ல் ஜெர்மனியோடு நடந்த பிரிட்டன் வான்போரில் நேரடியாகச் சண்டையிட்டு, இவ்வளவு முழுமையாக மிஞ்சியதாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

பழைய போர் விமானத்தை மீட்பது என்றால் சுத்தியலும் ரிவெட்டும் பிடிக்கிற வேலை என்றே தோன்றும். கிட்டத்தட்ட பாதி வேலை படிப்பதில்தான் இருக்கிறது. தாளைப் படிக்க வேண்டும், உலோகத்தையும் படிக்க வேண்டும். விமானத்தின் ஒவ்வொரு பாகமும் ஓர் ஆவணம் என்பது என் எண்ணம். அதைக் கழற்றி எறிவதற்கு முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

எழுதியிருப்பது என்று நான் சொல்வது நிஜமாகவே எழுத்துகளைத்தான். ஹரிக்கேனோடு அதே போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ஏதோ ஒரு துண்டு கிடைத்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதன் மேல் குத்தியிருக்கும் எண்ணைத் தேடுவார்கள். ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த சூப்பர்மரீன் கம்பெனியின் வரைபட எண்களில் முதல் மூன்று இலக்கம் விமானத்தின் வகையைச் சொல்லும். 300 என்றால் முதல் வகை ஸ்பிட்ஃபயருக்காக வரைந்த பாகம். 349 ஐந்தாம் வகை, 361 ஒன்பதாம் வகை. பக்கத்தில் சிபிஏஎஃப் என்ற எழுத்துகள் இருந்தால் காஸில் பிராமிச் ஆலையில் செய்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு முத்திரையும் இருக்கும். அந்தப் பாகத்தைச் சரிபார்த்து அனுப்பிய ஆய்வாளரின் முத்திரை அது.

இதை வைத்து அவசரப்பட்டு முடிவுக்கு வரவும் கூடாது. மாற்ற வேண்டிய அவசியம் இல்லாத பாகத்தை அப்படியே அடுத்தடுத்த வகைகளிலும் பொருத்தினார்கள். அதனால் ஒன்பதாம் வகை விமானம் ஒன்றில் 300 எண் போட்ட பாகம் தாராளமாக இருக்கலாம். நேர்மாறாக, முதல் வகை என்று யாராவது விற்க வரும் விமானத்தின் உடற்பகுதியில் 361 எண் தென்பட்டால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஒன்று, பிற்காலத்தில் பழுதுபார்த்தபோது மாட்டியிருப்பார்கள். அல்லது விற்பவர் சொல்லும் கதை சரியில்லை.

காக்பிட்டில் இருக்கும் மானிகளுக்கும் சுவிட்சுகளுக்கும் வேறு கணக்கு. கிரீடமும் அதன் கீழே ஏஎம் என்ற எழுத்துகளும் இருந்தால் பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் சொத்து. கூடவே கிடங்கு எண் இருக்கும். 6ஏ என்று தொடங்கினால் பறப்பு மானி, 5சி என்றால் மின்சாரச் சாமான், 22சி என்றால் விமானியின் உடுப்பு. எந்த விமானத்தில் பொருத்தியது என்று இந்த எண் சொல்லாது. ஒரே உயரமானி ஹரிக்கேனிலும் இருக்கும், குண்டுவீச்சு விமானத்திலும் இருக்கும். அந்தந்த விமானத்தின் உதிரிப்பாகப் பட்டியல் நூலைப் புரட்டி, இந்த எண் அதில் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஆகும்.

எண்ணே இல்லாத பாகம் வந்தால்? அரித்துப்போய், அல்லது யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கி, எழுத்து எல்லாம் போயிருக்கும். அப்போது போல்ட்டின் மரையைப் பார்க்கலாம். பிரிட்டனின் விட்வொர்த் முறை மரைகளில் இரண்டு சரிவுகளுக்கும் இடையே 55 பாகை கோணம். அமெரிக்க மரையில் 60 பாகை. மரை அளக்கும் சீப்பை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பல் சரியாக உட்காருகிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று தெரிந்துவிடும். ஐந்து பாகை வித்தியாசத்தில் அட்லான்டிக்கின் எந்தக் கரையில் செய்தது என்று சொல்லிவிடலாம்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹரிக்கேனையும் ஸ்பிட்ஃபயரையும் இயக்கிய ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் எஞ்சினை அமெரிக்காவில் பேக்கார்ட் கார் கம்பெனியும் செய்தது. அவர்கள் மரைகளை அமெரிக்க அளவுக்கு மாற்றவில்லை. பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகள் அமெரிக்காவில் கிடைக்காததால், கருவிகளையே தாங்கள் செய்துகொண்டார்கள். இங்கிலாந்தில் செய்த பாகமும் டெட்ராய்ட்டில் செய்த பாகமும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. எண்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு மெர்லினைப் பிரித்து மாட்டுகிறவருக்கு அந்தப் பிடிவாதம் இன்றும் உதவுகிறது. தேடி அலைய வேண்டிய உதிரிப்பாகத்துக்கு இரண்டு நாட்டுக் கிடங்குகள் இருக்கின்றன.

அடுத்த கேள்வி, இது என்ன உலோகம்? இதற்கு இப்போது துப்பாக்கி மாதிரி கையில் பிடிக்கிற எக்ஸ்-கதிர் கருவி இருக்கிறது. எக்ஸ்-கதிர் பட்டதும் அணுவின் உள் கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறித்துப் போகும். அந்த இடத்தை நிரப்ப வெளிக் கூட்டிலிருந்து இன்னொன்று இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் எக்ஸ்-கதிர் வெளிவரும். தாமிரத்துக்கு ஓர் ஆற்றல், துத்தநாகத்துக்கு வேறு. சில நொடியில் கலவையின் விகிதம் திரையில் வந்துவிடும். மக்னீசியம் போன்ற லேசான தனிமங்கள் விடும் கதிர் பலவீனமானது, காற்றிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நாலு சதவீதத் தாமிரம் தெளிவாகத் தெரியும். அலுமினியத்தில் அந்த அளவு தாமிரம் இருந்தால், கையில் இருப்பது டுராலுமின் குடும்பம் என்று முடிவு செய்யலாம்.

டுராலுமின் இல்லாமல் இரண்டாம் உலகப்போரின் விமானங்களே இல்லை. ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் 1906ல் கண்டுபிடித்தது. எஃகைப்போலவே அலுமினியத்தையும் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கடினமாக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முக்கிய உடனே அளந்தால் பெரிய மாற்றமில்லை. இரண்டொரு நாள் கழித்து அளந்தபோது அதே துண்டு கணிசமாக வலுத்திருந்தது. எதுவும் செய்யாமல் சும்மா வைத்திருந்ததில் உலோகம் தானாக முறுக்கேறியிருக்கிறது. சூட்டில் அலுமினியத்துக்குள் கரைந்த தாமிர அணுக்கள், சட்டென்று குளிர்ந்ததும் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்கின்றன. பிறகு மெதுமெதுவாக நகர்ந்து மிக நுண்ணிய திட்டுகளாகச் சேர்கின்றன. உலோகம் வளைவது என்றால் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவது. திட்டுகள் அந்தச் சறுக்கலுக்கு முட்டுக்கட்டை. 1938ல் கினியே, பிரெஸ்டன் என்ற இருவர் தனித்தனியாக எக்ஸ்-கதிர் மூலம் அந்தத் திட்டுகளின் தடத்தைக் கண்டார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கான விமானங்கள் அந்த உலோகத்தில் பறந்துகொண்டிருந்தன.

விமானப் பட்டறையில் குளிர்பெட்டி ஏன் இருக்கிறது என்பதற்கும் இதுதான் விளக்கம். தகடுகளை இணைக்கும் டுராலுமின் ரிவெட்டை அடித்துத் தலை விரிக்க வேண்டுமென்றால் அது மிருதுவாக இருக்க வேண்டும். சுமார் 500 டிகிரியில் காய்ச்சி முக்கியெடுத்த ரிவெட் ஓரிரு மணி நேரம் மட்டுமே அப்படி இருக்கும். அதற்குப் பிறகு அடித்தால் தலை வெடிக்கும். குளிர்பெட்டிக்குள் வைத்தால் தாமிர அணுக்களின் நகர்வு தாமதப்படும், ரிவெட் நாள்கணக்கில் மிருதுவாகவே இருக்கும். போர்க்கால ஆலைகளில் இப்படித்தான் செய்தார்கள். இன்றும் அப்படியே செய்கிறார்கள்.

அந்தத் தாமிரமே இந்த உலோகத்துக்குச் சத்துருவும். ஈரமும் உப்பும் சேர்ந்தால், மணிமணியான உலோகப் படிகங்களின் எல்லைக்கோடு வழியாக அரிப்பு உள்ளே போகும். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும். உள்ளே, மழையில் நனைந்த பழைய புத்தகம் மாதிரி தகடு ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். விரல் நகத்தால் நெம்பினால் கையோடு வரும். இந்த நிலைக்கு வந்த தகட்டை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. வெட்டியெடுத்துப் புதிது போட வேண்டியதுதான். மக்னீசியக் கலவையில் வார்த்த பாகங்கள் இன்னும் மோசம், கடலில் கிடந்தால் வெள்ளைப் பொடியாகவே போய்விடும்.

ஹரிக்கேனுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை இருந்தது. 1935 நவம்பரில் முதன்முதலில் பறந்தபோதே அது பழைய பாணி விமானம். ஸ்பிட்ஃபயரின் உடல் முழுக்கத் தகட்டாலானது. ஹரிக்கேனின் பின்னுடலில் எலும்புக்கூடு குழாய்களாலானது, அதன்மேல் மரச் சட்டங்கள், அதன்மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி. துணிக்கு மேல் டோப் என்ற செல்லுலோஸ் பூச்சு. டோப் காயும்போது துணியை முறுக்கி, தட்டினால் மேளம்போல் ஒலிக்கும்வரை இறுக்கிவிடும். இந்தியாவின் வெயிலும் மழையும் முதலில் காவு வாங்குவது துணியையும் மரத்தையும். அவை போனால் போகட்டும். வரைபடம் இருந்தால் மரத்தையும் துணியையும் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

குழாய்கள் சேரும் இடம்தான் ஹரிக்கேனை வடிவமைத்த சிட்னி கேம் குழுவின் கைவண்ணம். உருண்டைக் குழாயின் நுனியை மட்டும் அச்சில் அழுத்திச் சதுரமாக்குவார்கள். சதுரமானதும் இருபுறமும் தட்டையான இரும்புப் பட்டையை ஒட்டி வைத்து, உள்ளே ஒரு குட்டிக் குழாயைத் தாங்கலாகக் கொடுத்து, குறுக்கே போல்ட்டுப் போட்டு முடுக்கலாம். பற்றவைப்பு எங்கும் கிடையாது. போர்முனையில் குண்டு பட்டு ஒரு குழாய் வளைந்தால், அந்த ஒன்றை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம். 1944ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் படைப்பிரிவு ஹரிக்கேன்களை ஓட்டியபோது இந்த வசதி எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மீட்பவருக்கும் அதே வசதி கிடைக்கிறது. ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துப் பார்க்க முடியும். பிரிக்காமல் விடவும் முடியாது, ஏனென்றால் பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள முடி அளவு இடுக்கில்தான் துரு ஒளிந்திருக்கும். இடுக்குக்குள் புகுந்த ஈரத்தில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும், வெளியே தாராளமாக இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சின்ன மின்கலமாக மாறி, இடுக்கின் உள்பக்கத்தை அரிக்கும். வெளியே தெரியும் துருவைவிட இது ஆபத்து. பிரித்த எஃகுப் பாகங்களைக் காந்தமாக்கி, நுண்ணிய இரும்புத் தூள் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். விரிசல் இருந்தால் காந்தப்புலம் அங்கே கசியும், தூள் அந்த இடத்தில் கோடாகக் கூடும். அலுமினியம் காந்தத்துக்கு வசப்படாது. அதற்கு விரிசலுக்குள் ஊறும் சாயம் பூசித் துடைத்து, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள்.

ஆர்4118ஐ இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் ஹாக்கர் ரெஸ்டோரேஷன்ஸ் என்ற பட்டறையில் மீட்டார்கள். ஹரிக்கேனில் அவர்களைப் பல ஆண்டு சோதித்த பாகம், இறக்கையின் நடுப்பகுதியைத் தாங்கும் ஸ்பார் தண்டு. அது சாதாரணக் குழாய் இல்லை. உயர்வலு எஃகுத் தகட்டை உருளைகளுக்கு நடுவே ஓட்டிப் பல பட்டைகள் கொண்ட குழாயாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிச் செய்தது. அந்த உருளைகள் போருக்குப் பிறகு காணாமல் போய்விட்டன. கடையில் வாங்க முடியாது, பழைய ஸ்பாரை நம்பிப் பறக்கவும் முடியாது. உருளைகளையே மறுபடி செய்து, எஃகுத் தகட்டை மடிக்கும் வித்தையை முதலிலிருந்து கற்றுக்கொண்ட பிறகுதான் ஹரிக்கேன்கள் பறக்கும் காலம் மறுபடி வந்தது. அரிய பாகம் கிடைக்காதபோது அந்தப் பாகத்தைச் செய்த இயந்திரத்தை மீட்க வேண்டியிருக்கிறது என்பது இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் தோன்றாத விஷயம்.

கிடைக்கும் பாகங்கள் விசித்திரமான இடங்களிலிருந்து வருகின்றன. கனடாவிலும் ஹரிக்கேன் கட்டினார்கள். போர் முடிந்ததும் அங்கே விவசாயிகள் உபரி விமானங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, சக்கரத்தை வண்டிக்கும் போல்ட்டைக் கலப்பைக்கும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தோட்டத்து மூலையில் போட்டார்கள். இன்று பறக்கும் ஹரிக்கேன்களில் பல அந்த மூலைகளிலிருந்து வந்தவை. சோவியத் யூனியனுக்குச் சுமார் 3,000 ஹரிக்கேன்கள் போயின. மூர்மான்ஸ்க் பக்கத்துப் பனிப்பாலையில் விழுந்தவை குளிரில் அதிகம் அரிக்காமல் கிடந்தன.

மானிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைகளிலும் இவை தலைகாட்டலாம். அந்தக் கால மானிகளின் முள்ளிலும் எண்களிலும் இருட்டில் ஒளிரும் ரேடியப் பூச்சு இருக்கும். ரேடியத்தின் கதிர் பட்டுத் துத்தநாக சல்ஃபைடு ஒளிர்வதுதான் அந்த வெளிச்சம். இன்று இருட்டில் வைத்தால் பெரும்பாலும் ஒளிராது. ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சதா கதிர் தாக்கியதில் துத்தநாக சல்ஃபைடு பாழாகிவிட்டது, அவ்வளவுதான். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. எண்பது ஆண்டில் அது நூற்றுக்கு மூன்று நான்குதான் குறைந்திருக்கும். கண்ணாடி மூடியிருக்கும்வரை ஆபத்து சொற்பம். ஆசைப்பட்டுத் திறந்து சுரண்டினால் உதிரும் தூள் மூச்சோடு உள்ளே போகும். பழுப்பேறிய எண்களோடு ஒரு பழைய விமான மானி கிடைத்தால் திறக்காமல் வைப்பதே சரி.

சில விமானங்கள் ஆர்4118 அளவுக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. பி9374 என்ற ஸ்பிட்ஃபயர் 1940 மே 24 அன்று பிரான்ஸின் கலே கடற்கரையில் இறங்கி மணலுக்குள் புதைந்தது. 1980ல் மணல் விலகி வெளியே தெரிந்தது. 2011ல் அதே எண்ணோடு பறந்தது, 2015ல் லண்டனில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. நாற்பது ஆண்டு உப்பு மணலில் கிடந்த உலோகத்தில் பறக்கத் தகுந்தது கொஞ்சம்தான் இருக்க முடியும். பெரும்பகுதி புதிதாகக் கட்டியது. இது மோசடி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எது பழையது, எது புதியது என்று பாகம் பாகமாக எழுதி வைத்திருந்தால் யாரையும் ஏமாற்றியதாகாது. அரித்துப்போய்க் கழற்றிய பாகங்களையும் எறியாமல் எண்ணிட்டு வைத்திருக்க வேண்டும். பறப்பதற்கு உதவாத துண்டு, படிப்பதற்கு உதவும்.

சிலவற்றைப் பறக்க வைக்கவே கூடாது. ஜெர்மனியின் டோர்னியர் 17 குண்டுவீச்சு விமானங்களில் ஓரளவு முழுமையாக உலகில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் கிடந்த அதை 2013 ஜூன் 10 அன்று தூக்கி, காஸ்ஃபோர்டில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்படியே காயவிட்டிருந்தால் உலோகத்துக்குள் ஊறியிருந்த குளோரைடு உப்பு காற்றோடு சேர்ந்து அதைத் தின்றிருக்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் உலோகவியலாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தோடு கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, லேசான அமிலத்தன்மையில் நிறுத்தி, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் விமானத்தின் மேல் தொடர்ந்து தெளித்தார்கள். அந்தக் கரைசல் கடல் படிவுகளை இளக்கி உப்பை வெளியே இழுக்கும். அலுமினியத்தையும் மிஞ்சிய பெயின்ட்டையும் தொடாது. புதுத் தகடு போடவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை. அது சரியான முடிவு. ஒன்றே ஒன்று இருக்கும்போது அதைத் திருத்தி எழுதும் உரிமை யாருக்கும் இல்லை.

நம் நாட்டில் இந்த வேலையின் மிகப் பெரிய அத்தியாயம் ஒன்று நடந்தது. அதை நாமே சரியாகப் பேசுவதில்லை. அமெரிக்காவின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், 18 ஆயிரத்துக்கும் மேல் கட்டியவை. போர் முடிந்ததும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். இந்தியாவில் இருந்தவற்றைக் கான்பூரில் குவித்தார்கள். போரில் நேச நாடுகளுக்கு அமெரிக்கா ஆயுதம் கொடுத்த கடன்-குத்தகை ஒப்பந்தப்படி அவை வேறு யார் கைக்கும் போகக் கூடாது என்பதால், மறுபடி பறக்க முடியாதபடி வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். 1948ல் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் தொழிலாளர்கள் அந்தக் குவியலுக்குள் இறங்கினார்கள். ஒன்றில் நல்ல எஞ்சின், இன்னொன்றில் நல்ல வால் என்று பொறுக்கிச் சேர்த்து, பெங்களூர் வரை தாக்குப்பிடிக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி ஜிம்மி முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அங்கே முழுதாகப் பழுதுபார்த்து 40க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களை இந்திய விமானப்படைக்குக் கொடுத்தார்கள். அவை 1968 வரை பறந்தன.

இன்று உலகில் மிஞ்சியிருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய லிபரேட்டர்களில் பல இந்தப் பெங்களூர் விமானங்கள். பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று, கனடாவின் ஒட்டாவாவில் ஒன்று, அமெரிக்காவின் டூசான் நகரத்துப் பிமா அருங்காட்சியகத்தில் ஒன்று. இன்னொன்றை அமெரிக்காவில் காலிங்ஸ் அறக்கட்டளை மீட்டு 1989ல் மறுபடி பறக்க வைத்தது. பின்னாளில் அதற்கு ‘விட்ச்கிராஃப்ட்’ என்று பெயர் எழுதினார்கள். அது ஐரோப்பியப் போர்முனையில் பறந்த வேறொரு லிபரேட்டரின் பெயர்.

அந்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை. நாமும் அதையே செய்கிறோம். 2018ல் இந்திய விமானப்படைக்கு வந்து சேர்ந்த ‘பரசுராமா’ என்ற டகோட்டா போக்குவரத்து விமானத்தில் எழுதியிருக்கும் விபி905 என்ற எண், 1947ல் ஸ்ரீநகருக்குப் படை கொண்டுபோன டகோட்டாவுடையது. வந்து சேர்ந்தது அதே விமானம் அல்ல. பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்துவிட்டுப் பிரிட்டனில் தனியாரிடம் பல்லாண்டு பறந்தது. நினைவுக்காக ஓர் எண்ணை எழுதலாம், பக்கத்தில் நிஜ வரலாற்றையும் எழுதிவைத்தால்.

ஆனால் லிபரேட்டரை மீட்பவர் எந்த ஆண்டுக்கு அதைத் திருப்புவது என்று தீர்மானிக்கும்போது, பெரும்பாலும் 1944க்குத் திருப்புகிறார். இறக்கையில் பெங்களூரில் போட்ட ஒட்டுத் தகடு, ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆய்வாளர் குத்திய முத்திரை, இந்திய வட்டச் சின்னத்தின் பெயின்ட் அடுக்கு, இவையெல்லாம் அந்தத் தீர்மானத்தில் சுரண்டப்படக் கூடியவை. அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளில் அந்த விமானங்கள் இருந்தது ஓரிரு ஆண்டு. நம்மிடம் இருந்தது இருபது ஆண்டு. மற்ற ஆயிரக்கணக்கானவை உருகிப்போனபோது இவை தப்பியதற்கு அந்த ஒட்டுத் தகடுதான் காரணம். அதை அப்படியே விட்டு, எப்போது எங்கே போட்டது என்று குறித்துக் காட்டும் அருங்காட்சியகமே அந்த விமானத்தைச் சரியாகப் படித்திருக்கிறது என்பேன்.

நம் பொறியியல் கல்லூரிகளிலும் பழைய தளங்களின் வாசல்களிலும் இன்னும் விமானங்கள் நிற்கின்றன. ஆண்டு விழா வந்தால் புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள். அடிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, காக்பிட் சுவரிலும் சக்கரக் குழிக்குள்ளும் இருக்கும் தகடுகளின் எண்களைப் படம் பிடிக்கலாம். பழைய பெயின்ட்டில் கையகல இடத்தை மெல்லிய உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்தால், அடியில் இருக்கும் நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். எந்தப் படைப்பிரிவில் இருந்தது என்பதற்குச் சாட்சி பல சமயம் அந்த வளையங்களில்தான் இருக்கும். முழு விமானத்தையும் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகு அதை எங்கே போய்த் தேடுவது?